நம் குழந்தைகளின் பாதுகாப்பும் பாலியல் குற்றவாளிகள் பதிவேடும்

சென்ற மாதம் பாலவிகார் பெற்றோர் கூட்டம் முடிந்து, எல்லோரும் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்த சமயம், இளந்தாய் ஒருவர் என்னருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டாக்டர், நாங்க வீடு வாங்கப் போறோம். அந்தத் தெருவுல தப்பானவங்க யாராவது இருக்காங்களான்னு கம்ப்யூட்டர்ல பார்க்கலாமாமே, எப்படின்னு சொல்றீங்களா?" புளியோதரைத் தட்டுடன் நின்று விளக்கக்கூடிய விஷயமல்ல அது. "பத்திரிகையில் எழுதுகிறேன்" என்று வாக்களித்துவிட்டேன். அந்த வாக்கை நிறைவேற்றவே இந்தக் கட்டுரை. கோயில் பத்திரிகையில் இப்படிப்பட்ட விஷயமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்தப் பதிவேட்டின் கதை நம் மாநிலத்துக்கு மிக நெருங்கியது. நியூ ஜெர்சியில் டிரென்டன் நகரை ஒட்டிய ஹாமில்டன் டவுன்ஷிப்பில் 1994ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமி காணாமற் போனாள். அவளை அழைத்துச் சென்றவன் வேற்றூர்க்காரன் அல்லன், எதிர்வீட்டில் குடியிருந்தவன். நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போய், அந்தக் குழந்தையைச் சீரழித்துக் கொன்றுவிட்டான். சிறு பெண்கள் மீது குற்றம் புரிந்து அவன் முன்பே இரண்டு முறை தண்டனை பெற்றவன் என்பதும், அதே வீட்டில் அவனுடன் வசித்த வேறு இருவரும் அத்தகைய குற்றத்துக்காகவே சிறையிருந்தவர்கள் என்பதும் பிறகுதான் வெளியே வந்தன. மேகனின் பெற்றோருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாசற்படியில் தங்கள் மகள் கால் வைத்திருக்கமாட்டாள் என்று அவர்கள் கேட்டவரிடமெல்லாம் சொன்னார்கள். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். சுமார் மூன்று மாதத்தில், 1994 அக்டோபர் 31ஆம் தேதி, நியூ ஜெர்சி மாநிலம் "மேகன் சட்டம்" என்று இன்று வழங்கும் சட்டத்தை இயற்றியது. 1996ஆம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட மத்தியச் சட்டம், எல்லா மாநிலங்களும் இத்தகைய தகவலை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. கொலை நடந்த அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் சிறு பூங்கா ஒன்று இருக்கிறது.

குற்றவாளிகளைப் பதிவு செய்யும் வழக்கம் அதற்கும் பழையது. கலிபோர்னியா 1947லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அது போலீஸாரின் அலமாரிக்குள் இருந்த ஏடு. அதைக் குடிமக்களுக்குத் திறந்துவிட்டதுதான் மேகன் சட்டத்தின் புதுமை. நியூ ஜெர்சியில் அதை இணையதளத்தில் போடுவதற்கு முன்னர், 2000ஆம் ஆண்டு நவம்பரில் மாநில வாக்காளர்களே அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நாடு முழுவதுமாகப் பதிவேட்டில் உள்ளவர்கள் ஏழு இலட்சத்துக்கும் அதிகம்.

இனி, பார்ப்பது எப்படி என்பதைச் சொல்கிறேன். இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, மத்திய நீதித் துறை நடத்தும் தேசிய இணையதளம். 2003ஆம் ஆண்டு வடக்கு டகோட்டாவில் கடத்திக் கொல்லப்பட்ட ட்ரு ஷோடின் என்ற கல்லூரி மாணவியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் என்.எஸ்.ஓ.பி.டபிள்யூ. டாட் கவ் என்று அடித்தால் வந்துவிடும். கட்டணம் கிடையாது. பெயரைக் கொடுத்தும் தேடலாம். ஒரு முகவரியைக் கொடுத்து அதைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்றும் தேடலாம். எல்லா மாநிலங்களின் ஏடுகளையும் ஒரே சமயத்தில் அது துழாவிக் கொடுக்கும். அடுத்த வாசல், நம் மாநிலப் போலீஸாரின் இணையதளம். அதில் புகைப்படம், வயது, உயரம், எடை, முகவரி, செய்த குற்றம், ஓட்டும் வண்டி முதலிய விவரங்கள் இருக்கும். தேசிய தளத்தில் ஒரு பெயர் கிடைத்தால் அதோடு நின்றுவிடாமல், அந்த மாநிலத்தின் ஏட்டுக்குள்ளும் போய் முழு விவரத்தையும் படியுங்கள். பதினெட்டு வயதுப் பையன் பதினைந்து வயதுக் காதலியோடு பழகிய வழக்குக்கும், ஐந்து வயதுக் குழந்தையை ஒருவன் கெடுத்த வழக்குக்கும் உள்ள வேற்றுமை அங்கேதான் தெரியவரும்.

வீடு வாங்குமுன் தேடலாம். அதற்கு இணையாக, குழந்தை தினமும் போய்வரும் இடங்களையும் தேட வேண்டும். பாட்டு வகுப்பு நடக்கும் வீடு, பிறந்தநாள் விருந்துக்கும் இரவுத் தங்கலுக்கும் அழைக்கும் தோழியின் வீடு, பள்ளி பஸ் நிற்கும் முனை, பள்ளி முடிந்தபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் வீடு. அந்த அம்மாள் தங்கமானவராக இருப்பார். அவர் வீட்டில் தங்கியிருக்கும் மைத்துனர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்குகிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேடிப் பார்ப்பதும் நல்லது; மனிதர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பெயரைத் தேடும்போது நம்மவர் பெயர்களால் ஒரு சிக்கல் உண்டு. அப்பா பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், இனிஷியலாகச் சுருங்கும். ஒரே பெயரை நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ஆகவே ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டலாகாது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. குமார் என்றோ படேல் என்றோ தேடினால் பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவரை நம் பக்கத்து வீட்டுக்காரர் என்று அவசரப்பட்டு நினைத்து, நாலு பேரிடம் சொல்லி, ஒரு குற்றமும் அறியாத மனிதரின் மானத்தை வாங்குவது பெரும்பாவம். புகைப்படம், வயது, முகவரி மூன்றும் ஒத்துவந்தால் ஒழிய வாயைத் திறக்காதீர்கள். ஒத்துவந்தாலும் சட்டம் நமக்கு அளிக்கும் உரிமை நம் குழந்தைகளைக் காத்துக்கொள்வதற்கானதே. அந்த மனிதரை மிரட்டவும், வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டவும், அவருடைய பிள்ளைகளைத் தெருவில் ஏசவும் உரிமை கிடையாது; அவை தனிக் குற்றங்கள். உண்மையான அபாயம் கண்ணில் பட்டால் போலீஸாரிடம் சொல்ல வேண்டியதுதான்.

இந்த ஏட்டில் யார் யார் இல்லை என்பது இனி வருகிறது. இதை நன்றாகக் கவனியுங்கள். கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

நியூ ஜெர்சி, பதிவானவர்களை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் குறைவு என்று தீர்மானிக்கப்பட்ட முதற்படிக்காரர்களின் விவரம் போலீஸாருக்கும் குற்றத்துக்கு ஆளானவருக்கும் போகுமேயன்றி இணையதளத்தில் வராது. இரண்டாம் படியில் பலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். மூன்றாம் படிக்காரர்களின் பெயர் எல்லாம் வரும். அவர்கள் குடிவந்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அறிவிப்புச் செல்லும். டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் ஏறக்குறைய பதிவான எல்லோரையும் போட்டுவிடுகிறார்கள். ஆகையால் டல்லாஸிலிருந்து இங்கே குடிவரும் குடும்பம், "இந்த ஊர் எவ்வளவு சுத்தம், வரைபடத்தில் புள்ளியே இல்லை" என்று மகிழ்ந்தால் அது அறியாமை. அங்கே காட்டுகிறார்கள், இங்கே எல்லோரையும் காட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே, தன் மகளையோ தன் வீட்டில் வளரும் குழந்தையையோ கெடுத்து இரண்டாம் படியில் வைக்கப்பட்டவரின் பெயர் பொதுவாக நம் மாநில இணையதளத்தில் இடம்பெறாது. காரணம் நியாயமானது: தகப்பன் பெயரைப் போட்டால் அந்தக் குழந்தை யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையைக் காப்பாற்றத்தான் அந்த விதிவிலக்கு. ஆனால் அதன் விளைவு என்ன என்று பாருங்கள். எந்த வகைக் குற்றம் மிக அதிகமாக நடக்கிறதோ அந்த வகையில் ஒரு பெரும்பகுதி ஏட்டில் தெரிவதில்லை.

மத்திய நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. போலீஸாருக்குத் தெரியவந்த வழக்குகளில், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைத் தாக்கியவர்கள் யார் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். நூற்றுக்கு 34 பேர் குடும்பத்தினர். 59 பேர் தெரிந்தவர், பழகியவர். முன்பின் தெரியாதவர் நூற்றுக்கு ஏழே பேர். இது புகாராக வந்தவற்றின் கணக்கு. வீட்டுக்குள் நடப்பது அவ்வளவு எளிதில் புகாராக வருவதில்லை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு செய்தி பலருக்கு அதிர்ச்சியளிக்கும்: குழந்தைகளைத் தொந்தரவு செய்வோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தாங்களே பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அவர்களில் அநேகர் எந்த ஏட்டிலும் வரமாட்டார்கள்.

தண்டனை பெற்றவர் மட்டுமே ஏட்டில் இருப்பர் என்பதையும் மறக்கலாகாது. மினசோட்டாவில் 1989ஆம் ஆண்டு ஜேக்கப் வெட்டர்லிங் என்ற பதினோரு வயதுப் பையன் கடத்தப்பட்டான். நாடு முழுவதும் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1994ல் வந்த மத்தியச் சட்டத்துக்கு அவன் பெயரே இடப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2016ல், கொலைகாரன் தானே ஒப்புக்கொண்டு உடலைப் புதைத்த இடத்தைக் காட்டினான். பையனைக் கடத்திய சமயத்தில் அவனுக்குப் பாலியல் குற்றத்துக்கான தண்டனை எதுவும் இல்லை. அப்போது ஏடு இருந்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திராது. மகனை இழந்து இந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட அந்தத் தாயாரே, பதிவேடு வரம்பு மீறி விரிந்துவிட்டதோ என்று பின்னாளில் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். நம் மாநிலத்தின் மேகன் சட்டத்தை ஆராய்ந்து 2008ல் வெளியான ஆய்வொன்றும், இச்சட்டத்தால் பாலியல் குற்றங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது.

அப்படியானால் ஏடு வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி மாரடைப்பைத் தடுப்பதில்லை. அதற்காக அதைத் தூக்கி எறிகிறோமா? ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை, சில சமயம் மிகப் பெரிய எச்சரிக்கை கிடைக்கும். பார்த்துவிட்டோம், பெயர் இல்லை, இனிக் கவலையில்லை என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊரையும் மற்ற அடையாளங்களையும் மாற்றியே எழுதுகிறேன். ஒன்பது வயதுச் சிறுமி, நம்மவர் குழந்தை, வயிற்றுவலி என்று என்னிடம் அழைத்து வரப்பட்டாள். நன்றாகப் படிக்கிற பெண், ஓயாமல் பேசுகிற பெண், அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அமிலத்தைக் குறைக்க மருந்து கொடுத்தேன். அடுத்த மாதம் மறுபடி வந்தாள். பாலை நிறுத்திப் பாருங்கள் என்றேன். மூன்றாம் முறை வந்தபோது ஸ்கேன் எடுக்க அனுப்பினேன்; அதுவும் சுத்தமாக இருந்தது. மூன்று முறையும் தாயார் பதில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். குழந்தையைத் தனியாக ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான்காம் முறை வந்தபோது என்னுடைய நர்ஸ்தான் கண்டுபிடித்தார். எடை பார்க்கும் இடத்தில் அந்தப் பெண் அவரிடம், "இன்னைக்கும் பேஸ்மென்ட் மாமாதான் கூட்டிட்டுப் போக வருவாரா?" என்று கேட்டிருக்கிறாள். வரமாட்டார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்ததாம். தகப்பனாரின் கல்லூரித் தோழர், வேலை தேடி வந்தவர், வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தார். ஒழுங்காகக் கோயிலுக்கு வருபவர், பந்திக்கு முதல் ஆளாக இலை போடுபவர். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன பிறகு, பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்து வந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் பெயர் எந்த மாநிலத்தின் ஏட்டிலும் இல்லை. அதற்கு முன் அவர் எங்கும் பிடிபட்டதில்லை.

சட்டப்படி உடனே தெரிவித்தேன். பிறகு நடந்தவை நீண்ட கதை. அந்தப் பெண் இன்று நன்றாக இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆனால் முதல் வருகைக்கும் நான்காம் வருகைக்கும் இடையே ஐந்து மாதங்கள். அந்த ஐந்து மாதங்களுக்கு நானும் பொறுப்பு. அன்று முதல் என் அறையில் எந்தக் குழந்தையையும் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுச் சில நிமிடம் பேசாமல் அனுப்புவதில்லை. "எங்க பொண்ணு எங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டா டாக்டர்" என்று சிலர் வருத்தப்படுவார்கள். வருத்தப்படட்டும்.

அன்று அந்தத் தாயார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, குழந்தைக்கு வலிக்கிறதா என்பதல்ல. "இது வெளியே தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு யாரு கல்யாணம் பண்ணிப்பா?" இரண்டாவது கேள்வி, விசாவுக்கு ஏதாவது வருமா என்பது. அவரை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். மானம் போய்விடும் என்ற பயமே அந்தக் கீழ்த்தளத்து மனிதருக்கு இருந்த மிகப் பெரிய பாதுகாப்பு என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஆதலால் வீட்டில் செய்ய வேண்டியவை சில. குழந்தைக்கு உடல் உறுப்புகளின் பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. நாம் வைக்கும் செல்லப் பெயர்கள் பள்ளி ஆசிரியைக்கும் போலீஸாருக்கும் புரியாது. குளிப்பாட்டும் வேளையே இதற்கு உகந்த வேளை. தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இரகசியத்துக்கும் ஆச்சரியத்துக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லுங்கள். பாட்டியின் பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது ஆச்சரியம், நாளைக்கு எல்லோருக்கும் தெரியப் போவது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது இரகசியம். அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், நம் வழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். வந்தவர் மடியில் உட்காரவைப்பது, "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று வற்புறுத்துவது, குழந்தை ஒதுங்கினால் "என்ன மரியாதை தெரியாத பிள்ளை" என்று கடிந்துகொள்வது. பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்யச் சொல்லுங்கள். கைகூப்பி வணங்குவதைப் போல அழகான, தொடாத மரியாதை நம்மிடம் இருக்கும்போது மடியும் முத்தமும் எதற்கு? தன் உடலைத் தொட வேண்டாம் என்று சொல்ல வீட்டிலேயே உரிமை இல்லாத குழந்தை வெளியில் எப்படிச் சொல்லும்? யாரையெல்லாம் நாம் மாமா, சித்தப்பா, அங்கிள் என்று அழைக்கச் சொல்கிறோமோ அவர்களெல்லாம் அந்த நிமிடமே உறவுக்காரர்களாகிவிடுகிறார்கள். அழகான பழக்கம்தான், நானும் பத்துப் பேருக்கு ஆண்ட்டி. ஆனால் அந்தச் சொல்லைக் கொடுத்ததோடு வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடுகிறோம்.

கைத்தொலைபேசி வழியாக வரும் அபாயம் தனியாக எழுத வேண்டிய விஷயம். ஒன்று மட்டும்: ஏதாவது படத்தை அனுப்பிவிட்டு மிரட்டலுக்கு ஆளாகித் தவிக்கும் பிள்ளைக்கு, அப்பா அடித்துவிடுவார் என்ற பயம் மிரட்டுகிறவனிடமுள்ள பயத்தைவிடப் பெரிதாக இருந்துவிடக் கூடாது.

குழந்தை ஏதாவது சொன்னால் என்ன செய்வது? முகம் மாறாமல் கேளுங்கள். கஷ்டம்தான், என்னாலும் எல்லாச் சமயமும் முடிவதில்லை. "சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டால் குழந்தை குழம்பிவிடும், வழக்கும் குழம்பிவிடும். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட ஆளை நீங்களே அழைத்துச் சண்டையிடாதீர்கள், அவன் எச்சரிக்கையடைந்துவிடுவான். நடந்து சில நாட்களே ஆகியிருந்தால் குளிப்பாட்டாமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மருத்துவச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால், நடக்கவில்லை என்று பொருளல்ல. இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோரின் உடலில் எந்த அடையாளமும் இராது. இதைப் படித்தவர்களே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நியூ ஜெர்சியில், நியாயமான சந்தேகம் உள்ள எவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். டாக்டருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் உள்ள கடமையல்ல, உங்களுக்கும் எனக்கும் கோயில் அர்ச்சகருக்கும் உள்ளது. மாநிலத்தின் தொலைபேசி எண் 1-877-652-2873. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாதபடி சட்டம் காப்பளிக்கிறது. வேறு மாநிலத்தில் உள்ளவர்கள் 1-800-422-4453 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

நம் அங்கத்தினர் பலருக்கு டொரான்டோவிலும் லண்டனிலும் சகோதர சகோதரிகள் உண்டு. இதைப் படித்துவிட்டு அவர்களுக்கு அனுப்புமுன் ஒரு வார்த்தை. கனடாவின் தேசியப் பதிவேடும் ஒன்டாரியோவின் பதிவேடும் போலீஸாருக்கு மட்டுமே. பொதுமக்கள் பார்க்க முடியாது. இங்கிலாந்திலும் ஏட்டைத் திறந்து வைக்கவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு கொல்லப்பட்ட சாரா பெய்ன் என்ற சிறுமியின் பெயரால் வழங்கும் ஏற்பாடு ஒன்று, 2011க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் பெற்றோர் போலீஸாரிடம் விண்ணப்பித்துக் கேட்கலாம். அபாயம் உண்டென்று கருதினால் அவர்கள் இரகசியமாகத் தெரிவிப்பார்கள். எனக்கென்னவோ இந்த முறை அறிவுள்ளதாகப் படுகிறது. இந்தியாவில் 2018ல் தேசிய அளவில் ஒரு தொகுப்பு தொடங்கப்பட்டது. அதுவும் புலனாய்வாளர்களுக்கே உரியது. ஆகவே ஊரிலிருந்து வரும் ஒருவர் அங்கே தண்டனை பெற்றவராயிருந்தாலும் இங்கே உங்கள் தேடலில் அகப்படமாட்டார்.

கடைசியாக நம் கோயில் விஷயம். பாலவிகார் தொண்டர்கள் எல்லோருக்கும் கைரேகைச் சோதனை செய்யலாம் என்று நிர்வாக சபையில் நான் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் பெரியவர் ஒருவர் மனம் நொந்துபோனார். "முப்பது வருஷமா இந்தக் கோயிலுக்குச் செங்கல் சுமந்திருக்கேன். என்னைக் கைரேகை வைக்கச் சொல்றீங்களா?" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் சங்கடமாகிவிட்டது. அன்று பேச்சை நிறுத்திக்கொண்டோம். மறுவாரம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். தன் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவள் பள்ளியில் பூகோளப் பாடத்துக்கு உதவ வரும் தாத்தாக்கள்கூடச் சோதனை முடித்துத்தான் வருகிறார்கள் என்று சொன்னாளாம். "முதல் ரேகை என்னோடதா இருக்கட்டும்" என்றார். இலாப நோக்கற்ற சங்கங்கள் தங்கள் தொண்டர்களை மாநிலப் போலீஸார் மூலம் சோதித்துக்கொள்ள வழியிருக்கிறது. சட்டப்படி, இரண்டாம் படிக்காரரைப் பற்றிய அறிவிப்பு மத, இளைஞர் அமைப்புகளுக்கும் வரக்கூடியது. அதற்கு நம் சங்கம் முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். செயலாளர் அதற்கான கடிதத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

கைரேகையைவிட முக்கியமானது என்று நான் கருதுவது கதவு. எந்த வகுப்பிலும் ஒரு பெரியவர் மட்டும் தனியாகக் குழந்தைகளோடு இருக்கலாகாது, இருவர் வேண்டும். வகுப்பறைக் கதவுகளில் கண்ணாடி வைக்கத் தச்சரிடம் விலை கேட்டிருக்கிறோம். கழிப்பறைக்குச் சிறு பிள்ளைகளைப் பெற்றோரே அழைத்துச் செல்ல வேண்டும். "யாராவது கூட்டிட்டுப் போங்களேன்" என்று சொல்லிவிட்டுப் பஜனையில் உட்கார்ந்துவிடக் கூடாது. வீணை, மிருதங்கம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் கதவைத் திறந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவர்கள் ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும், தாளம் வெளியே கேட்டு அர்ச்சகருக்கு இடைஞ்சலாகுமே என்றார். அர்ச்சகர், "கேட்கட்டும் சார், நன்னா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

பதிவேட்டில் உள்ள ஒருவர் தரிசனத்துக்கு வந்தால் என்ன செய்வது என்று ஓர் அன்பர் கேட்டார். சாமி கும்பிட வருபவரைத் தடுக்க எனக்கு மனமில்லை. அவர் நீதிமன்ற நிபந்தனைகளுக்குட்பட்டவரா என்பதைப் போலீஸாரிடம் கேட்டறிந்து, சந்நிதிக்கு வரலாம், பாலவிகார் நடக்கும் பக்கம் எக்காரணம் கொண்டும் வரலாகாது என்று நேரிலேயே சொல்லிவிடுவது முறை என்று நினைக்கிறேன். சபையில் சிலர் இதை ஏற்கவில்லை. விவாதம் முடியவில்லை.

அடுத்த மாதம் பிரதோஷத்தன்று மாலை, அபிஷேகத்துக்கு முன் ஒரு மணி நேரம் நூலக அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பேன். ஏட்டைப் பார்க்கத் தெரியாதவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமார்கள், வாருங்கள். கூட உட்கார்ந்து காட்டித் தருகிறேன். தனியாகப் பேச வேண்டியவர்கள் சொல்லியனுப்பினால் போதும், அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு மட்டும்.